பையன் போக்கரைத் தொழிலாக எடுக்கப் போகிறானா? முதலில் அவன் ஆடுவதைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

போன புரட்டாசியில், இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். மகனுக்கு 23 வயது. கணக்கியல் படித்தான், வேலைக்குப் போனான், எட்டே மாதத்தில் அதை விட்டுவிட்டு "இனிமேல் போக்கர்தான் என் தொழில்" என்று வந்து நிற்கிறான். முதல் போதவில்லையாம். 40,000 ராண்ட் போட்டால் லாபத்தில் பாதி தருகிறேன் என்று அப்பாவிடமும் மாமாவிடமும் கேட்டிருக்கிறான்.

"நீ அத்தனை வருஷம் கேசினோல சீட்டுப் போட்டவன். ஒருதரம் வந்து பார்த்துச் சொல்லு தம்பி. அவனுக்கு நிஜமாவே ஆடத் தெரியுமா, இல்ல நாலு நாள் அதிர்ஷ்டத்துல ஆடுறானா?"

நான் டர்பனில் ஒரு கேசினோவில் 11 வருடம் போக்கர் டீலராக இருந்தேன். அக்காவின் கேள்வி நியாயமான கேள்வி. ஆனால் வீட்டில் அவர்கள் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்த இடம்தான் சரியில்லை. "சனிக்கிழமை எவ்வளவு ஜெயிச்சே?" என்றுதான் பையனை எல்லோரும் கேட்டார்கள். ஒரு ராத்திரியில் ஜெயித்த தொகையை வைத்து ஒருவனைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. சீட்டை அவன் எப்போது கீழே வைக்கிறான், தோற்ற அடுத்த பத்து நிமிடம் எப்படி இருக்கிறான், இந்த இரண்டையும் பார்த்தால் முக்கால்வாசி தெரிந்துவிடும். அந்தக் குடும்பத்துக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். போக்கர் மேசையைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்களும் இதை வைத்துப் பார்க்கலாம்.

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் தண்ணி என்ற சீட்டாட்டம் ஆடத் தெரியாத வீடு குறைவு. வெளியே அதை 'துனீ' என்று எழுதுகிறார்கள். 24 சீட்டு, இரண்டு இரண்டு பேராக நாலு பேர், ஜாக்கிதான் பெரிய சீட்டு, அதற்கு 30, ஒன்பதுக்கு 20. இந்தப் பழக்கத்தோடு போக்கரைப் பார்க்க உட்கார்ந்தால் ஒரு விஷயத்தில் கண் ஏமாறும். தண்ணியில் கைக்கு வந்த ஆறு சீட்டையும் ஆடித்தான் ஆக வேண்டும். போக்கரில் வந்த சீட்டைப் பெரும்பாலும் ஆடாமல் கீழே போட வேண்டும். தண்ணியில் எதிரே கூட்டாளி இருப்பார். போக்கரில் யாருக்கும் யாரும் கூட்டாளி இல்லை, இருந்தால் அது திருட்டு.

கேசினோக்களில் அதிகம் ஆடுவது டெக்சாஸ் ஹோல்டம். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூடிய சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கும்: முதலில் மூன்று, அது ஃப்ளாப். அப்புறம் ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். டீலர் இடத்தைக் காட்டும் வட்ட வில்லை பட்டன், அது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் ஆள் நகரும். பட்டனுக்கு அடுத்த இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் போடும் சிறு தொகைதான் பிளைண்ட், இரண்டில் கூடுதலானது பெரிய பிளைண்ட். பார்க்கப் போகிறவருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

எங்கே, எப்படிப் பார்ப்பது

உரிமம் பெற்ற கேசினோவில் பாருங்கள். நண்பன் வீட்டுக் கராஜில் நடக்கும் பண ஆட்டத்தில் வேண்டாம். அங்கே விதியைக் காப்பாற்ற ஆள் கிடையாது. உரிமம் இல்லாத ஆட்டத்தில் ஒருவர் தர வேண்டிய பணத்தைத் தராமல் போனால் நீதிமன்றத்திலும் வாங்க முடியாது. "நான் ஆன்லைனில் ஆடுகிறேன்" என்று பையன் சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் இணையத்தில் பணம் வைத்துப் போக்கர் ஆடச் சட்டம் இடம் தரவில்லை. தொழில் என்று சொல்கிறவன் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், தெரிந்தும் மறைத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 18 வயது ஆகாத தம்பி தங்கைகளைக் கூட்டிப் போகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள்.

பார்வையாளர் நிற்க இடம் இருக்கும். அவன் முதுகுக்கு நேர் பின்னால் நிற்க வேண்டாம், சற்றுத் தள்ளி, எதிர்ப் பக்கமாக நில்லுங்கள். அவன் முகமும் கையும் தெரிய வேண்டும். அவன் சீட்டு உங்களுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் உங்கள் முகமே பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆட்டம் நடக்கும்போது அவனோடு தமிழில் பேசாதீர்கள். பிள்ளையைப் பார்த்ததும் "சாப்பிட்டியாடா?" என்று கேட்கத்தான் தோன்றும். ஆனால் ஒரு கையை, அதாவது ஒருவருக்கு வந்த சீட்டை, ஒருவர்தான் ஆட வேண்டும் என்பது போக்கரின் அடிப்படை விதி. மற்றவருக்குப் புரியாத மொழியில் வெளியிலிருந்து ஒரு வார்த்தை வந்தாலும் மேசையில் சந்தேகம் கிளம்பும். இங்கே மேசை மொழி ஆங்கிலம். ஒரு நல்ல மனிதர் தன் மருமகனிடம் தமிழில் கார் சாவி கேட்டதற்கே எதிராளி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். இடைவேளை வரட்டும், ஆசை தீரப் பேசலாம்.

ஒரு நாள் போதாது. மூன்று வெவ்வேறு நாள், ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரமாவது பாருங்கள். நேரடி மேசையில் மணிக்கு 25 முதல் 30 ஆட்டம்தான் ஓடும். மூன்று மணி நேரம் நின்றால்தான் எண்பது தொண்ணூறு கை பார்த்திருப்பீர்கள்.

எத்தனை முறை சீட்டைக் கீழே வைக்கிறான்?

ஒரு துண்டுத் தாளும் பேனாவும் போதும். அவனுக்குச் சீட்டு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். தானாகப் பணம் போட்டு உள்ளே வந்தால் அந்தக் கோட்டைச் சுற்றி வட்டம் போடுங்கள். பெரிய பிளைண்டில் உட்கார்ந்து சும்மா ஃப்ளாப் பார்த்தது சேராது, அது கட்டாயப் பணம்.

ஒன்பது பேர் மேசையில், ஓரளவு விவரம் தெரிந்தவன் 30 கையில் ஐந்து முதல் ஏழு முறை உள்ளே வருவான். நல்ல சீட்டு அடுத்தடுத்து வந்த நாளில் பத்துகூட ஆகலாம், அதனால்தான் மூன்று நாள் பார்க்கச் சொல்கிறேன். முப்பதுக்குப் பதினைந்து வட்டம் மூன்று நாளும் விழுந்தால், பையனுக்குச் சும்மா உட்கார முடியவில்லை என்று அர்த்தம். அவன் வாயில் எத்தனை போக்கர் சொற்கள் வந்தாலும் சரி, இந்த எண்ணை நம்புங்கள்.

அப்புறம் எந்த இடத்திலிருந்து வருகிறான் என்று பாருங்கள். பட்டனில் இருப்பவன் ஃப்ளாப்புக்குப் பிறகு எல்லோருக்கும் கடைசியாகப் பேசுவான், மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். முதல் இடத்தில் இருப்பவன் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல. ஆகவே வட்டங்கள் பட்டன் பக்கம் அதிகமாகவும், முதல் இடங்களில் குறைவாகவும் விழ வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுந்தால் அவன் சீட்டை மட்டும் பார்க்கிறான், மேசையைப் பார்க்கவில்லை.

மேசையைப் பார்ப்பதுதான் பெரிய திறமை. நார்வேயின் அனெட் ஒப்ரெஸ்டாட் என்ற பெண் 2007இல் லண்டனில் நடந்த உலகப் போக்கர் தொடரின் ஐரோப்பியப் பந்தயத்தில் முதல் பரிசாகப் பத்து லட்சம் பவுண்டு வென்றபோது அவருக்கு 19 வயதுகூட நிறையவில்லை. அதற்கு முன் இணையத்தில் 180 பேர் ஆடிய ஒரு சிறு பந்தயத்தை, ஒரே ஒரு முறை தவிர தன் சீட்டைப் பார்க்காமலே ஆடி ஜெயித்தவர் அவர். எதிராளி எப்போது பயப்படுகிறான், எப்போது துணிகிறான் என்பதை மட்டும் வைத்து அவ்வளவு தூரம் போகலாம். உங்கள் பையன் சீட்டைப் போட்டுவிட்டு அடுத்த சீட்டு வரும்வரை போனை நோண்டுகிறானா, இல்லை தான் இல்லாத ஆட்டத்தையும் கவனிக்கிறானா? சீட்டைத் திறந்து காட்டும்போது நிமிர்ந்து பார்க்கிறானா? ஒரு மணி நேரம் இதை மட்டும் பாருங்கள்.

தோற்ற கையும் நல்ல கையாக இருக்கலாம்

முதல் நாள் நான் பார்த்த ஓர் ஆட்டம். அக்கா மகனிடம் ராஜாவும் ஜாக்கியும். ஃப்ளாப்பில் ராஜா, ஒன்பது, நாலு, அதில் இரண்டு ஆட்டின். டர்னில் ஓர் இரண்டாம் நம்பர், ரிவரில் ஓர் ஆறு, அந்த இரண்டு சீட்டுமே ஆட்டின் இல்லை. நடுவில் சேர்ந்திருந்த பந்தயப் பணம் 3,000 ராண்ட். எதிரே அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் 1,000 கட்டினார். பையன் பத்துப் பதினைந்து வினாடி எடுத்துக்கொண்டான், அப்புறம் 1,000 வைத்தான். பெரியவர் ராஜாவும் ராணியும் காட்டினார். இருவருக்கும் ஒரு ஜோடி ராஜா, ராணி பெரியது. பையன் தோற்றான்.

பக்கத்தில் ஒருவர் சிரித்தார்: "ஜாக்கியை வெச்சுக்கிட்டு எதுக்குய்யா கட்டினே?"

அவன் பதில் சொல்லவில்லை. மேசையை விரலால் இரண்டு தட்டுத் தட்டி "நல்ல கை, அங்கிள்" என்றான்.

இடைவேளையில் கேட்டேன். "1,000 போட்டா 4,000 வருது அண்ணே. அஞ்சு தடவைல ஒரு தடவை நான் ஜெயிச்சாலே கைக்காசு போகாது. ரெண்டு ஆட்டின் திறந்து கிடந்துச்சு, மூணாவது வரல. அஞ்சு சீட்டும் ஒரே ஜாதியா வர்ற ஃப்ளஷுக்குக் காத்திருந்து ஏமாந்தவங்க அந்த இடத்துல கட்டுவாங்க. அஞ்சுல ஒண்ணு நிச்சயம் இருக்கும்னு தோணிச்சு."

கணக்கு சரி. 3,000, அவர் போட்ட 1,000, இவன் போட வேண்டிய 1,000, மொத்தம் 5,000. அதில் இவன் பங்கு ஐந்தில் ஒன்று. அந்தப் பெரியவர் அப்படி ஏமாற்றிக் கட்டுகிறவரா என்பதில் வேண்டுமானால் வாதம் செய்யலாம். ஆனால் பணம் வைக்கும் முன் அவனிடம் ஒரு காரணம் இருந்தது, அதை அரை நிமிடத்தில் சொல்லவும் முடிந்தது. இதைத்தான் தேட வேண்டும். இடைவேளையில் மூன்று கைகளைப் பற்றிக் கேளுங்கள். ஜெயித்த கையைப் பற்றி யாரும் அழகாகப் பேசுவார்கள், தோற்ற கையையும் போட்டுவிட்ட கையையும் கேளுங்கள். "மனசுல பட்டுது", "இன்னிக்கு என் நாள்னு தெரிஞ்சுது" என்ற பதில்கள் வந்தால் அவன் ஆடுவது அதிர்ஷ்டத்தைத்தான்.

பணக் கணக்கு: எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு நம்பலாம்?

குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிளைண்ட் 10-20 ராண்ட் மேசை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2,000 ராண்டோடு உட்காருவார்கள். நன்றாக ஆடும் ஒருவன் சராசரியாக மணிக்கு ஆறு பெரிய பிளைண்ட், அதாவது 120 ராண்ட் சம்பாதிக்கிறான் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தின் ஏற்ற இறக்கம் சுமார் 80 பெரிய பிளைண்ட், அதாவது 1,600 ராண்ட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் இப்படி வருகிறது. 100 மணி நேரம் ஆடிய பிறகும் அந்த நல்ல ஆட்டக்காரன் நட்டத்தில் இருக்க நாலில் ஒன்றுக்குச் சற்றுக் குறைந்த வாய்ப்பு உண்டு. அதே மேசையில் லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்ற அளவில் ஆடும் ஒருவன், அதே 100 மணி நேரத்தில் 16,000 ராண்டுக்கு மேல் லாபத்தில் நிற்க ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திறமை உள்ள பிள்ளையை "உருப்படாதவன்" என்று திட்டிக்கொண்டிருப்போம், திறமை இல்லாத பிள்ளைக்குப் புதுக் கார் வாங்க முன்பணம் கொடுத்திருப்போம். 500 மணி நேரம் போன பிறகு அந்த நல்லவன் நட்டத்தில் இருக்கும் வாய்ப்பு இருபதில் ஒன்று என்று குறைகிறது. வாரம் 25 மணி நேரம் ஆடினால் அது இருபது வாரம்.

பந்தயப் போட்டிகளில் இன்னும் அதிக காலம் தேவை. நூறு பேர் நுழைவுக் கட்டணம் கட்டினால் பதினைந்து பேர் அளவுக்குத்தான் பணம் கிடைக்கும், பெரிய தொகை முதல் மூவருக்கே போகும். ஜோகன்னஸ்பர்க்கின் ரேமண்ட் ராமே 2007இல் லாஸ் வேகாஸில் உலகத் தொடரின் முக்கியப் பந்தயத்தில் 6,358 பேருக்கு நடுவே மூன்றாவதாக வந்து 30 லட்சம் டாலருக்கு மேல் வென்றார். அப்போது அவருக்கு 62 வயது. அந்தச் செய்திக்குப் பிறகு இந்த நாட்டில் எத்தனையோ இளைஞர்கள் போக்கர் பக்கம் திரும்பினார்கள். அவர் பரிசை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம், அதே மேசைகளில் கட்டணத்தை விட்டுவிட்டு எழுந்து போன ஆயிரக்கணக்கானவர்களை மறந்துவிட்டோம். ஒரு கோப்பையைக் காட்டிப் பையன் பணம் கேட்டால், அந்த வருடம் மொத்தம் எத்தனை பந்தயம் ஆடினாய், எவ்வளவு கட்டினாய் என்று கேளுங்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் ஒரு நோட்டு. தேதி, இடம், பிளைண்ட், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், கொண்டு போனது, கொண்டு வந்தது. நோட்டே இல்லாதவனைத் தொழில் ஆட்டக்காரன் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெட்டிக்கடை வைத்திருப்பவர்கூடக் கணக்கு எழுதுகிறார்.

மேசையில் நடத்தை

பலர் இதைத் திறமையிலிருந்து பிரித்துப் பேசுவார்கள்: "பையன் நல்லா ஆடுவான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்." பதினோரு வருடம் டீலராக உட்கார்ந்து பார்த்த எனக்கு இரண்டும் ஒன்றுதான். டீலர்மேல் சீட்டை வீசுகிறவனுக்கு அடுத்த கையில் கணக்கு ஓடாது.

விதி மீறல் வேறு, மரியாதைக் குறைவு வேறு. இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

விதி சம்பந்தமானவை எளிதில் தெரியும். தன் முறை வரும் முன் சீட்டைப் போடுவது. "கால்" (அதே தொகையைப் போடுகிறேன்) என்று சொல்லி எதிராளி முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெய்ஸ்" (ஏற்றுகிறேன்) என்று மாற்றுவது. ஒரு கை சிப்பை (பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லையை) வைத்துவிட்டு மறுபடி கையை இழுத்து இன்னொரு கை வைப்பது. பெரிய மதிப்புள்ள சிப்பைச் சின்ன சிப்புக்குப் பின்னால் மறைப்பது. புதியவர்கள் இதைத் தெரியாமல் செய்வார்கள், டீலர் ஒருதரம் சொன்னதும் திருந்திவிடுவார்கள். தொழில் ஆட்டக்காரன் செய்தால் தெரிந்தேதான் செய்கிறான். சிப்பை மேசையில் உள்ள பந்தயக் கோட்டுக்கு அருகே கொண்டு போய், விடாமல் பிடித்துக்கொண்டு, எதிராளி சீட்டைப் போடுகிறாரா என்று பார்ப்பவர்கள் உண்டு. அதற்கு மேசையில் 'ஆங்கிள்' என்று பெயர். எத்தனை திறமை இருந்தாலும் இதைச் செய்பவன் கையில் நான் ஒரு ராண்டும் கொடுக்க மாட்டேன். முன்பின் தெரியாதவரிடம் இதைச் செய்கிறவன் நாளைக்கு உங்கள் பங்குக் கணக்கிலும் இதையேதான் செய்வான்.

நம்மவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. மச்சானோ சித்தப்பா மகனோ ஒரே மேசையில் உட்கார்ந்தால், ஒருவன் பணத்தை இன்னொருவன் எடுக்க மனசு வராது. இரண்டு பேரும் கட்டாமல் கட்டாமல் கடைசிவரை போய்ச் சீட்டைத் திறப்பார்கள். பாசம்தான், ஆனால் மற்ற ஏழு பேருக்கு அது துரோகம். பந்தயத்தில் இதற்குத் தண்டனை உண்டு. தெரிந்தவன் வந்து உட்கார்ந்ததும் உங்கள் பையன் ஆட்டம் மாறுகிறதா என்று பாருங்கள். நல்ல பிள்ளையாக இருந்தால் வேறு மேசை கேட்டு எழுந்துவிடுவான்.

மரியாதை விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது டீலரிடம் எப்படிப் பேசுகிறான் என்பதை. கெட்ட சீட்டு வந்தால் போட்டவரை முறைக்கிறானா? சிப் தட்டைத் தள்ளிக் கொடுக்கிறானா, வீசுகிறானா? அடுத்தது, ஜெயிக்கும்போது. கையில் அசைக்க முடியாத சீட்டை வைத்துக்கொண்டு அரை நிமிடம் யோசிப்பதுபோல் நடித்து, எதிராளி ஜெயித்துவிட்டோம் என்று மூச்சு விட்டதும் மெதுவாகத் திறந்து காட்டுவது இருக்கிறதே, அதை எந்த விதிப் புத்தகமும் தடுக்காது. ஆனால் மேசையில் எல்லோரும் அதை மறக்க மாட்டார்கள்.

மூன்றாவது, ஆடத் தெரியாதவரிடம் எப்படி இருக்கிறான் என்பது. சம்பள நாளில் சிரித்துப் பேசி நாலு மணி நேரம் கழிக்க வருகிறவர்கள்தான் போக்கர் மேசையை நடத்துகிறார்கள். அவர் தவறாகக் கட்டி, அதிர்ஷ்டத்தில் ஜெயித்துவிட்டால், சில இளைஞர்கள் அங்கேயே பாடம் எடுக்க ஆரம்பிப்பார்கள். அவர் முகம் சுருங்கிப்போய் எழுந்துவிடுவார். அது அநாகரிகம், வருமானத்துக்கும் கேடு. இன்னொரு வகை மனிதரும் மேசைக்கு வருவார். குடித்திருப்பார், கை நடுங்கும், மூன்றாவது முறையாகப் பணம் எடுக்க எழுந்து போவார். அவரைப் பார்த்து உங்கள் பையன் கண் மின்னுகிறதா, இல்லை மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொல்கிறானா? தொழில் என்று இதைச் செய்பவன் மற்றவர் இழக்கும் பணத்தில்தான் பிழைக்கிறான். அது அவனுக்கு உறுத்துகிறதா என்று பெற்றவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

தோற்ற பத்து நிமிடம்

இரண்டாம் நாள். அக்கா மகனுக்கு இரண்டு ஏஸ் வந்தது. 221 கைக்கு ஒருமுறை வரும் சீட்டு. எதிராளிக்கு இரண்டு ராஜா. சீட்டு திறக்கும் முன்பே எல்லாப் பணமும் நடுவில், இவன் பக்கம் 3,600 ராண்ட். இப்படி மோதினால் ஏஸ் ஐந்தில் நாலு முறைக்கு மேல் ஜெயிக்கும். ரிவரில் ராஜா விழுந்தது.

அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டு நகராமல் இருக்க மேலே ஒரு பழைய ஐந்து ராண்ட் நாணயம் வைத்திருந்தான். அதைக் கட்டைவிரலால் ஒருமுறை திருப்பினான். சீட்டை டீலர் பக்கம் மெதுவாகத் தள்ளினான். மேசையை இரண்டு தட்டு. எழுந்தான். கழிவறைப் பக்கம் போய் ஏழெட்டு நிமிடம் கழித்து வந்தான், நெற்றி முடியில் தண்ணீர். மறுபடி 2,000 ராண்டுக்குச் சிப் வாங்கினான், 3,600 இல்லை. உட்கார்ந்து முதல் பதினோரு கையையும் போட்டான். அதில் ஏழாவது கையில் பட்டனில் இருந்தான், ராஜாவை அடித்தவர் பிளைண்டில். பழிவாங்கத் துடிப்பவன் எந்தச் சீட்டு வந்தாலும் ஏற்றும் இடம் அது. இவன் சீட்டைப் பார்த்தான், போட்டான்.

எதிர்மாறாகவும் நிறையப் பார்த்திருக்கிறேன். இருமடங்கு சிப் வாங்குவது, பெரிய பிளைண்ட் மேசைக்கு மாறுவது, அடுத்த ஐந்து கையில் நாலு கை உள்ளே வருவது, நண்பனிடம் கடன் கேட்டு போன் செய்வது. இதற்கு 'டில்ட்' என்பார்கள். ஒருமுறை நடந்தால் வயசு என்று விடலாம். மூன்று நாளில் இருமுறை நடந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. கடன் வாங்கி ஆடுவதும், தோற்றதை மறைத்துப் பொய் சொல்வதும் சேர்ந்துவிட்டால் அது போக்கர் திறமையைப் பற்றிய பேச்சே இல்லை. தென்னாப்பிரிக்கப் பொறுப்புச் சூதாட்ட அறக்கட்டளைக்கு 0800 006 008 என்ற இலவச எண்ணில் பேசுங்கள். கேசினோவில் தன்னை உள்ளே விட வேண்டாம் என்று ஒருவர் தானே எழுதிக் கொடுக்கவும் வழி இருக்கிறது.

பணம் போடுவதென்றால்

ஆட்டப் பணமும் வீட்டுச் செலவும் தனித்தனியாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2,000 ராண்ட் மேசைக்கு 40,000 என்பது இருபது முறை உட்காரும் பணம். அதிலிருந்தே வாடகையும் பெட்ரோலும் எடுத்தால் இரண்டு மாதத்தில் பத்து முறைக்கான பணம்தான் மிஞ்சும். ஆறு மாதச் செலவுக்குத் தனியாக வைத்திருப்பவனிடம் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.

பிறகு நட்டத்தை யார் சுமப்பது என்பதை எழுதி வையுங்கள். "லாபத்தில் பாதி" என்ற வார்த்தை இனிமையாக இருக்கும். முதல் மாதம் 5,000 போகிறது, இரண்டாம் மாதம் 8,000 வருகிறது. மாதாமாதம் லாபத்தைப் பிரித்தால் பையனுக்கு 4,000, மாமாவுக்கு 4,000. ஆனால் மாமா முதல் மாதம் 5,000 இழந்திருக்கிறார், ஆக அவர் 1,000 நட்டம், பையன் 4,000 லாபம். முந்தைய நட்டத்தை நிரப்பிய பிறகே பிரிப்பது என்று எழுதினால், 8,000இல் 5,000 முதலில் மாமாவுக்கு, மீதி 3,000இல் ஆளுக்கு 1,500. இந்த இரண்டாவது முறைதான் நேர்மையானது. இதைச் சொன்னதும் பையன் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதும் ஒரு பரீட்சைதான். அக்கா மகன் "அப்படித்தான் நானும் நெனைச்சேன்" என்றான்.

மூன்று நாள் பார்த்த பிறகு அக்காவிடம் சொன்னேன்: ஆடத் தெரிந்த பிள்ளை, ஆனால் நோட்டு இல்லை. மூன்று மாதம் தன் பணத்தில் ஆடட்டும், ஒவ்வொரு நாளும் எழுதட்டும், அதுவரை ஒரு ராண்டும் தர வேண்டாம்.

தை பிறந்து இரண்டாம் வாரம் நோட்டோடு வந்தான். 212 மணி நேரம், 9,400 ராண்ட் லாபம். மாமா கடைசிப் பக்கத்தின் கூட்டலைப் பார்த்தார். நான் நட்டமான நாட்களைத் தேடினேன். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை 3,800 போயிருந்தது. பக்கத்தில் எழுதியிருந்தான்: "1 மணிக்கே எழுந்திருக்கணும். 3 வரை உட்கார்ந்தேன். கடைசி 1,800 என் தப்பு." அந்தப் பக்கத்தை மாமாவிடம் திருப்பிக் காட்டினேன். அவர் இரண்டுமுறை படித்துவிட்டு, 40,000இல் பாதி இப்போது, மீதி அடுத்த மூன்று மாத நோட்டைப் பார்த்த பிறகு என்றார்.